விண்டோஸ் 98 பூட் ஃபிளாப்பி: இமேஜ் ஃபைலைப் போட்டும் 'இன்வாலிட் சிஸ்டம் டிஸ்க்' என்கிறது

மஞ்சக்குப்பம் ஸ்டிக்கர் கடை:
வணக்கம். கடலூரில் பைக், கார்களுக்கு ஸ்டிக்கர் வெட்டிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். வினைல் வெட்டும் பிளாட்டர் பழசு, அதன் மென்பொருள் விண்டோஸ் 98ல்தான் ஓடும். அதற்காகவே வைத்திருக்கும் பென்டியம் 3ல் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. வேறொரு 80 ஜிபி ஐடிஇ டிஸ்க் மாட்டியாயிற்று. கையில் இருப்பது அப்கிரேட் சிடி (பழைய விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கானது), தானாக பூட் ஆகாது. யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் இரவல் வாங்கி, விண்டோஸ் 10 லேப்டாப்பில் ஸ்டார்ட்அப் டிஸ்க்கின் (கம்ப்யூட்டரை பூட் செய்யும் ஃபிளாப்பி) .ஐஎம்ஜி ஃபைலை, அதாவது அந்த ஃபிளாப்பியின் முழு நகலான இமேஜை, ஃபிளாப்பிக்குள் காப்பி செய்தேன். பயாஸில் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் உள் மென்பொருள்) ஃபிளாப்பிதான் முதல் பூட். அப்படியும் தலைப்பில் உள்ள செய்திதான் வருகிறது. தீபாவளி ஆர்டர் நிற்கிறது, யாராவது சொல்லுங்கள்.

ஓ.டி. ரயிலடி:
ஃபார்மேட் பண்ணும்போது 'எம்எஸ்-டாஸ் ஸ்டார்ட்அப் டிஸ்க்' என்று ஒரு டிக் வருமே, அதைப் போட்டுப் பாருங்களேன்.

முத்தியால்பேட்டை மெக்கானிக்:
அந்த டிக் எக்ஸ்பி காலத்துச் சமாச்சாரம். அதில் செய்தாலும் வெறும் டாஸ்தான் (விண்டோஸுக்கு முந்தைய கட்டளை முறை சிஸ்டம்) வரும், சிடி டிரைவர் இருக்காது. இவருக்குச் சிடி தெரிய வேண்டும்.

தம்பி, கோளாறு இதுதான். பயாஸ் ஃபிளாப்பியில் ஃபைல் எதையும் தேடாது. முதல் செக்டாரில் (டிஸ்க்கின் சின்னத் துண்டு) உள்ள 512 பைட்டைப் படித்து அதை ஓடவிடும், அவ்வளவுதான். அந்த பூட் செக்டார்தான் சிஸ்டத்தைத் தொடங்கும் ஐஓ.சிஸ் ஃபைலைத் தேடிப் பிடிக்கும். நீங்கள் இமேஜை ஒரு ஃபைலாக உள்ளே வைத்திருக்கிறீர்கள். வீட்டுப் பத்திரத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு வீடு எங்கே என்று கேட்பது மாதிரி. இமேஜை செக்டார் செக்டாராக எழுத வேண்டும். விண்டோஸில் அதற்கான ராரைட் அல்லது வின்இமேஜ் மென்பொருள் போதும். லினக்ஸ் என்றால் டிடி (dd) கட்டளை, ஆனால் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளை கொடுத்து ஃபிளாப்பி எது என்று பார்த்த பிறகே எழுதுங்கள், இல்லாவிட்டால் லேப்டாப் டிஸ்க்கே காலி.

எழுதும் முன் இமேஜின் அளவைப் பாருங்கள். சரியாக 14,74,560 பைட் இருக்க வேண்டும்: 80 டிராக், 2 பக்கம், டிராக்குக்கு 18 செக்டார். குறைந்தால் டவுன்லோட் பாதியில் நின்றிருக்கிறது.

மஞ்சக்குப்பம் ஸ்டிக்கர் கடை:
ராரைட் எழுத ஆரம்பித்து நடுவில் எரர் காட்டி நிற்கிறது. வேறு ஃபிளாப்பி போட்டாலும் அப்படியேதான். இரண்டும் பழைய பெட்டியில் கிடந்தவை.

முத்தியால்பேட்டை மெக்கானிக்:
ஓரத்தில் உள்ள சின்ன தாழ்ப்பாளைப் பாருங்கள். அந்த ஓட்டை திறந்திருந்தால் எழுத விடாது. ஆனால் நடுவில் நிற்கிறது என்பதால் எனக்குச் சந்தேகம் டிஸ்க் மேல்தான். இரும்பு மூடியை நகர்த்தி உள்ளே பாருங்கள், வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பூசணம். நம் கடலோரத்தில் இது சகஜம். சண்டே மார்க்கெட்டில் ஒரு தடவை நான் வாங்கிய பெட்டியில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருந்தது. அந்த டிஸ்க்கை டிரைவில் போடவே போடாதீர்கள், ஹெட்டில் (டிஸ்க்கைப் படிக்கும் முனை) ஒட்டிக்கொண்டு அடுத்து போடும் நல்ல டிஸ்க்கையும் கெடுக்கும். ஏற்கெனவே போட்டிருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு ஹெட்டைத் துடைத்துவிடுங்கள். அப்புறம் வேறு டிஸ்க்கை குயிக் ஃபார்மேட் இல்லாமல் முழுசாக ஃபார்மேட் செய்யுங்கள். பேட் செக்டார் ஒன்று காட்டினாலும் தூக்கிப் போடுங்கள்.

மஞ்சக்குப்பம் ஸ்டிக்கர் கடை:
புதுசு ஒன்று கிடைத்தது, பூட் ஆகிவிட்டது! மெனுவில் சிடி சப்போர்ட் தேர்ந்தெடுத்தேன், டி: என்று சிடி வந்தது. டிஸ்க்கைப் பிரிக்கும் எஃப்டிஸ்க் ஓட்டி, ரீஸ்டார்ட் செய்து, ஃபார்மேட்டும் முடித்த பிறகு டி:-யில் வேறு ஏதேதோ ஃபைல்கள் இருக்கின்றன. இன்னொன்று, 80 ஜிபி டிஸ்க்கை எஃப்டிஸ்க் 10 ஜிபி சொச்சம் என்கிறது. டிஸ்க் போலியா?

முத்தியால்பேட்டை மெக்கானிக்:
டிஸ்க் நல்லதுதான். 98ன் பழைய எஃப்டிஸ்க்குக்கு 64 ஜிபிக்கு மேல் எண்ணத் தெரியாது, 64ஐக் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டும். மைக்ரோசாஃப்ட் திருத்திய பதிப்பு ஒன்று வெளியிட்டது. ஆனால் பிளாட்டர் வேலைக்கு 10 ஜிபியே தாராளம், அதைத் தேடி அலைய வேண்டாம். பெரிய டிஸ்க் சப்போர்ட் வேண்டுமா என்று எஃப்டிஸ்க் கேட்டபோது 'ஒய்' (Y) கொடுத்தீர்கள்தானே? 'என்' (N) கொடுத்திருந்தால் ஒரு பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பிரிவு) அதிகபட்சம் 2 ஜிபிதான்.

சிடியின் டிரைவ் எழுத்து மாறியதற்குக் காரணம் இந்த ஃபிளாப்பி உண்டாக்கும் ராம் டிரைவ் (மெமரியில் உருவாகும் தற்காலிக டிரைவ்). முன்பு சி: இல்லை, அதனால் ராம் டிரைவ் சி:, சிடி டி: ஆனது. இப்போது சி: வந்துவிட்டது, ராம் டிரைவ் டி:க்குப் போக, சிடி ஈ: ஆகிவிட்டது. ஈ:-யில் உள்ள வின்98 ஃபோல்டரை சி:க்கு முழுதாகக் காப்பி செய்து, அங்கிருந்து செட்டப்பை ஓட்டுங்கள். பின்னால் டிரைவர் போடும்போதெல்லாம் சிடி கேட்காது.

ஓ.டி. ரயிலடி:
அப்கிரேட் சிடி என்றால் நடுவில் பழைய விண்டோஸின் சிடி கேட்குமே?

முத்தியால்பேட்டை மெக்கானிக்:
கேட்கும். விண்டோஸ் 95 சிடி இருந்தால் அதைப் போட்டுக் காட்டினால் போதும். செட்டப் முதல் முறை ரீஸ்டார்ட் ஆகும்போது ஃபிளாப்பியை வெளியே எடுத்துவிடுங்கள்.