கலைச்சொல் தேவை: ‘ரூட் காஸ்’

வணக்கம்.

பராமரிப்புப் பிரிவின் பழுது அறிக்கைப் படிவத்தைத் தமிழாக்கும்போது ‘ரூட் காஸ்’ (root cause, பழுதின் அடிப்படைக் காரணம்) கட்டத்துக்கு என்ன தலைப்பு வைக்கலாம்? வேர்க்காரணம், முதற்காரணம் இரண்டும் மனதில் உள்ளன. ஒரே இயந்திரத்தில் ஒரே பழுது திரும்பத் திரும்ப வருவதை ‘மீள்பழுது’ என்று எழுதியிருக்கிறேன். மறுப்பிருந்தால் சொல்லுங்கள்.

---

> வேர்க்காரணம், முதற்காரணம்

ஐயா, முதற்காரணம் வேண்டாம். சைவ சித்தாந்தத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அந்தக் கணக்கில் பேரிங் உடைந்ததற்கு முதற்காரணம் எஃகு என்றாகிவிடும்! மூலகாரணம் வழக்கில் நன்றாகவே ஓடுகிறது, அது இருக்கட்டும். மீள்பழுது அருமை.

ஆனால் சிக்கல் தலைப்பில் இல்லை. அந்த ஒரே கட்டத்தில் ஒருவர் ‘பேரிங் தேய்மானம்’ என்று எழுதுவார், இன்னொருவர் ‘ஃபிட்டர் கவனக்குறைவு’ என்பார். இரண்டும் மூலகாரணம் ஆகா. கட்டத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும். புதுச்சொல் தேவைப்படுவது அங்கேதான்.

மோட்டார் பேரிங் ஒன்று நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை போகிறது என்று வையுங்கள். கழற்றுமுன் வெளிவளையத்தின் மேற்பக்கம் எது என்று மார்க்கரால் குறிக்க வேண்டும். கிரீஸைக் கொஞ்சம் எடுத்து வைக்கும்வரை கழுவக் கூடாது. பிறகு வளையத்தை அறுத்துத் தடத்தைப் பார்க்கலாம். பளு ஒரே திசையில் இருந்து உள்வளையம் சுழன்றால், வெளிவளையத்தில் குண்டு ஓடிய தடம் ஒரு பக்கம்தான் அழுத்தமாக விழும். நேர் எதிரெதிரே இரண்டு இடத்தில் விழுந்திருந்தால், பேரிங் உட்காரும் கூடு நெரிந்து நீள்வட்டமாகி வளையத்தைக் கவ்வியிருக்கிறது. தடம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சாய்ந்து போனால் வளையம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. குறுக்கே சீரான இடைவெளியில் வரிவரியாக இருந்தால் பெரும்பாலும் பேரிங் வழியே மின்னோட்டம் பாய்ந்திருக்கும், வி.எஃப்.டி.யில் (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) ஓடும் மோட்டார்களில் இதை முதலில் சந்தேகிக்கலாம். ‘கிரீஸ் போதவில்லை’ என்று இன்னும் நாலு பம்ப் அடிப்பது இவை எதற்கும் மருந்தில்லை. கிரீஸ் மிகுந்தாலே பேரிங் சூடேறும்.

இந்தத் தடயத்துக்குச் சேதச்சுவடு என்று பெயர் வைக்கலாம். இது முதல் கட்டம்.

அடுத்து, கூடு ஏன் நெரிந்தது? மோட்டாரின் நாலு காலில் ஒன்று பேஸ் பிளேட்டில் படியாமல் இருக்கலாம். அப்படியே போல்ட்டை இறுக்கினால் உடம்பே முறுக்கிக்கொள்ளும். நாலு போல்ட்டும் இறுகிய நிலையில், காலின் மேல் டயல் கேஜை (நுண் அசைவைக் காட்டும் அளவி) வைத்து அந்தக் கால் போல்ட்டை மட்டும் தளர்த்துங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் எழுந்தால் காலுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) போட வேண்டும். அதை மறுபடி இறுக்கிய பிறகுதான் அடுத்த கால். இது நேரடிக் காரணம்.

ஷிம் போட்டால் இந்த மோட்டார் பிழைத்தது. அடுத்த மோட்டார்? மாற்றும்போது கால் படிகிறதா என்று பார்க்கும் வரியே வேலை ஆணையில் இல்லையென்றால், அதுதான் பழுதைத் திரும்பக் கூட்டிவருவது. பாடநூலில் ‘உள்ளுறை வெப்பம்’ ஏற்கெனவே இருக்கிறது. அதையொட்டி உள்ளுறைக் காரணம் என்கிறேன்.

---

> உள்ளுறைக் காரணம்

எனக்குச் சம்மதம். அப்படியானால் தலைப்பைப் பன்மையில் ‘மூலகாரணங்கள்’ என்றே வைக்கலாம். கால் படியாததும் குழாயின் இழுவையும் ஒரே பம்ப் செட்டில் சேர்ந்தே இருக்கும். ஒருமையில் கேட்டால் முதலில் கிடைத்ததை எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். டொயோட்டா பழக்கப்படுத்திய, ‘ஏன்’ என்று அடுத்தடுத்துக் கேட்டுப்போகும் ‘ஐந்து ஏன்’ முறையிலும் இதே ஆபத்து உண்டு: ஒற்றைச் சங்கிலியாகவே போய்விடும். காரணங்களை மீன்முள்போல் கிளைகளாக வரையும் இஷிகாவாவின் மீன்முள் படம் பக்கவாட்டில் விரியும், ஆனால் அதில் எழுதுவதெல்லாம் சந்தேகப் பட்டியல்தான். ஒவ்வொரு முள்ளுக்கும் அளவீடோ சேதச்சுவடோ கேட்க வேண்டும்.

‘மனிதத் தவறு’ என்று தனிக்கட்டம் வைக்காதீர்கள். வைத்தால் எல்லாரும் அதையே நிரப்புவார்கள்.

---

இருவருக்கும் நன்றி. மீள்பழுது, சேதச்சுவடு, நேரடிக் காரணம், உள்ளுறைக் காரணம் நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். கடைசியில் ‘பழுது மீளவில்லை என உறுதிசெய்த நாள்’ என்றும் ஒரு கட்டம் சேர்க்கிறேன். நாலு மாதத்தில் போய்க்கொண்டிருந்த பேரிங் மூன்று மாதம் ஓடியதைக் காட்டி அறிக்கையை மூட முடியாது. பழைய இடைவெளியைப்போல் இரு மடங்காவது ஓடட்டும். அதுவரை படிவம் திறந்தே கிடக்கும்.