சைபர் கிரைம் இன்ஸ்பெக்டர் பேட்டிக்கு அனுமதி எப்படி வாங்குவது?

எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) இரண்டாம் ஆண்டு புராஜெக்ட். ஆன்லைனில் பணம் பறிகொடுத்தவர்கள் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு ஏன் தாமதமாக அழைக்கிறார்கள் என்பதுதான் தலைப்பு. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்க வேண்டும் என்பதால் தாமதம்தான் மையக் கேள்வி. இன்ஸ்பெக்டர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசினால் போதும். இடம், கொங்குப் பகுதியில் ஒரு மாநகரம். அறிக்கை கொடுக்க இன்னும் 18 நாள்.

ஸ்டேஷனுக்கு இரண்டு முறை நேரில் போயாயிற்று. இன்ஸ்பெக்டர் மறுக்கவில்லை, "மேலிடத்து அனுமதியோட வாங்க" என்றார். துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம், போனஃபைட் (மாணவர் என்பதற்கான சான்று), ஐடி நகல், 12 கேள்விகள் எல்லாம் சேர்த்துக் கமிஷனர் அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, முத்திரையிட்ட நகலும் வாங்கியாயிற்று. 11 நாளாகப் பதில் இல்லை. மின்னஞ்சலுக்கும் அதே கதை.

கடிதத்தில் "வழக்கு விவரங்கள்" என்றொரு சொல் இருந்தது. அதுதான் இடிக்கிறதோ என்று சந்தேகம். உண்மையில் கேள்விகள் எல்லாம் நடைமுறை பற்றியவை. நடப்பு வழக்கு, பெயர், ஒலிப்பதிவு எதுவும் கிடையாது. அந்தச் சொல்லை நீக்கிய புதுக் கடிதம் தயார்.

இதைத் துணை ஆணையரிடம் நேரில் கொடுப்பதா, பழைய மனுவோடு சேர்த்துக் கமிஷனர் அலுவலகத்திலேயே கொடுப்பதா, எது சீக்கிரம் நகரும்?