காயலான் கடையில் கிடைத்தவை: பட்டறைக்காரர்களின் அனுபவங்கள்

மானாமதுரைப் பக்கத்திலிருந்து:

பழைய இரும்பு, பழைய கருவி, பழைய புத்தகம், இதில் எதையாவது தேடிப் போன இடத்தில் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் நான் மூன்றாவது தலைமுறை. அரிவாள், கோடரி, மண்வெட்டி அடிப்பதுதான் தினப்படி வேலை. பக்கத்தில் இருக்கும் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர் போன ஊர். அதனால் இந்தப் பக்கம் அரிவாள் வாங்க வருகிறவர்கள் சும்மா வாங்கிப் போக மாட்டார்கள். நகத்தால் சுண்டிச் சத்தம் கேட்பார்கள், வெயிலில் சாய்த்து வாயைப் பார்ப்பார்கள். அவர்கள் கேட்கிற தரத்துக்குப் புது எஃகு வாங்கி அடித்தால் விலை கட்டாது. லாரிப் பட்டை, அதாவது லாரிக்கு அடியில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டைதான் கதி.

பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு காயலான் கடையில், ஒரே லாரியிலிருந்து கழற்றிய பட்டைக் கட்டு கிடைத்தது. துரு குறைவு, நல்ல அகலம். எடை போட்டுத் தூக்கி வந்தேன். அதில் அடித்த முதல் நாலு அரிவாளும் பழுதில்லை. ஐந்தாவதை வாங்கிப் போன பனையேறும் அண்ணன் ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். கையில் இரண்டு துண்டு. "மரத்து மேல இருக்கும்போது ஒடிஞ்சுதுப்பா" என்றார். திட்டவில்லை. கீழே யாரும் நிற்கவில்லை என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

பெரியப்பா அந்தத் துண்டை வாங்கி ஒடிந்த இடத்தைக் காட்டினார். பாதி கருப்பு, பாதி வெள்ளி. "கருப்பு பழைய விரிசல்டா. நீ உலையில வைக்கிறதுக்கு முன்னாடியே இருந்திருக்கு. வெள்ளிதான் அவர் கையில ஒடிஞ்சது."

அப்புறம் மீதிப் பட்டைகளை வரிசையாகப் போட்டார். கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்தார். மண்ணெண்ணெய் தடவி, ஒரு டீ குடிக்கிற நேரம் ஊறவிட்டு, துணியால் ஒட்டத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸை உரசிப் பூசினார். கொஞ்ச நேரத்தில் ஒரு பட்டையின் நடு ஓட்டையிலிருந்து மயிரிழை மாதிரி ஈரக் கோடு ஒன்று வெள்ளைப் பூச்சில் எழுந்து வந்தது. விரிசலுக்குள் இறங்கிய மண்ணெண்ணெய் வெளியே கசிகிறது. பதினோரு பட்டையில் மூன்றில் அந்தக் கோடு இருந்தது. வண்டி பாரம் சுமந்து ஏறி இறங்கும்போது நடு போல்ட் ஓட்டையைச் சுற்றித்தான் பட்டை அதிகம் சோர்கிறது. இன்றைக்கும் அந்த ஓட்டைக்கு இரண்டு பக்கமும் நாலு விரல் வெட்டித் தள்ளிவிட்டுத்தான் மீதியை உலையில் வைக்கிறேன்.

அந்த அண்ணனுக்கு வேறு அரிவாள் அடித்துக் கொடுத்தேன். இப்போதும் என்னிடம்தான் வாங்குகிறார்.

சென்னையிலிருந்து:

அண்ணே, உங்கள் மண்ணெண்ணெய் சோதனையை நேற்றே செய்து பார்த்துவிட்டேன். என்னிடம் இருந்த ஜீப் பட்டை இரண்டும் தப்பித்தன.

நான் தொழில்முறைக் கொல்லன் இல்லை. வார நாளில் அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை உலை. எனக்குப் பெரிய தேடல் பட்டறைக்கல், அதாவது இரும்பை வைத்து அடிக்கிற கனத்த இரும்புக் கட்டைதான். புதுப்பேட்டையில் பழைய வண்டியின் எந்த உறுப்பைக் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். பட்டறைக்கல் கேட்டால் மட்டும் யோசிப்பார்கள். ஆறு மாதம் அலைந்த பிறகு, ஒரு கடையின் பின்கட்டில், செயின் கப்பிக் குவியலுக்கு அடியில் கல்லின் கூரான கொம்பு முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இழுத்து வெளியே போட மூன்று பேர் தேவைப்பட்டார்கள். பக்கவாட்டில் அழுக்கைச் சுரண்டினால் 1, 2, 14 என்று மூன்று எண்கள். கடைக்காரர் மாடல் நம்பர் என்றார்.

அது எடை. பழைய இங்கிலாந்துக் கற்களில் எடையை இப்படித்தான் வெட்டியிருப்பார்கள். முதல் எண் அந்தர், அதாவது 112 பவுண்டு. நடு எண் கால் அந்தர், 28 பவுண்டு. கடைசி எண் வெறும் பவுண்டு. என்னுடையதற்கு 112, 56, 14, மொத்தம் 182 பவுண்டு, ஏறக்குறைய 82.5 கிலோ. தராசில் 81 சொச்சம் காட்டியது. அந்த ஒரு கிலோ யார் யாருடைய அடியிலோ போயிருக்கிறது. அதை நினைத்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. பையில் ஒரு அங்குல பேரிங் குண்டு வைத்திருந்தேன். பத்து அங்குல உயரத்திலிருந்து கல்லின் மேல் விட்டால் ஏழு, எட்டு அங்குலம் எகிற வேண்டும். எகிறியது. வார்ப்பிரும்புக் கல்லாக இருந்தால் குண்டு 'தொப்' என்று உட்கார்ந்துவிடும்.

இனி நான் வருந்துகிற பகுதி. மேல்முகம் கொஞ்சம் குழிந்திருக்கிறதே என்று ஒரு மெஷின் பட்டறையில் கொடுத்து லேசாக மட்டம் பிடிக்கச் சொன்னேன். நான் சொன்னதைவிட அதிகமாகச் செதுக்கிவிட்டார்கள். இந்தப் பழைய கற்களில் உடம்பு மெல்லிரும்பு. மேலே ஏறக்குறைய அரை அங்குல எஃகுத் தகடு மட்டும்தான் காய்ச்சி ஒட்டியது. அதிலிருந்து எடுத்தது எடுத்ததுதான். இப்போது ஒரு ஓரத்தில் குண்டு நாலு அங்குலம்தான் எகிறுகிறது. குழி விழுந்த கல்லில் வேலை செய்ய முடியும். எஃகு போன கல்லில் முடியாது. தயவுசெய்து மேல்முகத்தில் மெஷின் வைக்காதீர்கள். வெல்டிங்கும் வேண்டாம். அந்தச் சூட்டில் சுற்றியுள்ள தோய்ச்சல், அதாவது காய்ச்சிக் குளிரவைத்து ஏற்றிய கடினம், இறங்கிவிடும்.

திருச்சியிலிருந்து:

கல் கிடைக்கவில்லை என்றால் தண்டவாளத் துண்டு போதும். ஆனால் ஒரு விஷயம். யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று வாங்கி வைக்காதீர்கள். ரயில்வே சொத்தை முறைகேடாக வைத்திருப்பவர்களைத் தண்டிப்பதற்கென்றே 1966-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் ஒன்றரை அடித் துண்டுக்காக நாள் கணக்கில் அலைந்தார். ஏலத்தில் எடுத்தவரிடம் ரசீதோடு வாங்குங்கள், அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம், தண்டவாளத்தைப் படுக்கப் போட்டு அடிக்காமல், செங்குத்தாக நட்டு, மேலே தெரிகிற வெட்டு முகத்தில் அடித்துப் பாருங்கள். மீட்டருக்கு 60 கிலோ இருக்கிற தண்டவாளம் என்றால் ஒன்றரை அடிக்கு 27 கிலோ வரும். அத்தனையும் சுத்தியலுக்கு நேர் கீழே நிற்கும். படுக்கப் போட்டால் நடுவில் இருக்கிற மெல்லிய பகுதி அதிர்ந்து அடியைத் தின்றுவிடும்.

தஞ்சாவூரிலிருந்து:

ஒரு சந்தேகம். வீடு கட்டிய இடத்தில் மிஞ்சிய டிஎம்டி கம்பியில் உளி அடித்தேன். தோய்ச்சல் எத்தனை முறை போட்டும் முனை மழுங்குகிறது. என்ன தப்பு செய்கிறேன்?

கோயம்புத்தூரிலிருந்து:

தம்பி, உங்கள் கையில் தப்பில்லை. டிஎம்டி கம்பி உருட்டி வரும்போதே தண்ணீர் பீய்ச்சி வெளித்தோலை மட்டும் இறுக்கியிருப்பார்கள். நீங்கள் பழுக்கக் காய்ச்சிய உடனே அது போய்விட்டது. உள்ளே இருப்பதில் கரி (கார்பன்) அதிகபட்சம் 0.3 சதவீதம். உளிக்கு அது போதாது. கொக்கி, கைப்பிடி, கதவுத் தாழ்ப்பாள் அடியுங்கள், அழகாக வளைந்து கொடுக்கும். உளிக்குப் பழைய கார் சுருள் ஸ்பிரிங் நல்லது.

எனக்கு இதெல்லாம் புத்தகத்திலிருந்து வந்தது. அதைத்தான் எழுத வந்தேன். அப்பா ஒரு மில்லில் மராமத்துப் பிரிவில் இருந்தார். அவர் கண்ணால் பொறி பார்த்தே இரும்பைச் சொல்வார். சாணைச் சக்கரத்தில் லேசாக வைப்பார். நீளமாக, நேராக, வெடிக்காமல் பறந்தால் மெல்லிரும்பு. கொஞ்ச தூரத்திலேயே பூவாணம் மாதிரி கிளைகிளையாக வெடித்தால் கரி நிறைந்த எஃகு. பழைய அரத்தை வைத்தால் அப்படித்தான் வெடிக்கும். பார்ப்பார், பக்கத்தில் வைப்பார், அடுத்ததை எடுப்பார். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பொறியியல் மாணவர்கள் பழைய புத்தகக் கடையில் போட்டுவிட்டுப் போகிற பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புத்தகம் ஒன்று எனக்குக் கிடைத்தது. அட்டை இல்லை, பாதிப் பக்கத்தில் பென்சில் கணக்கு. அதில் எஃகுப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே போனபோதுதான் பெயரிலேயே விவரம் இருக்கிறது என்பது புரிந்தது. பட்டை எஃகில் ஒன்றுக்கு 55 எஸ்ஐ 7 என்று பெயர். 55 என்பது கரி, 0.55 சதவீதம். எஸ்ஐ என்பது சிலிகான். அதன் பக்கத்து 7-ஐ நாலால் வகுத்தால் 1.75 சதவீதம். லாரிப் பட்டை ஏன் வளைந்து நிமிர்கிறது, பச்சைத் தண்ணீரில் முழுசாக முக்கினால் ஏன் விரிசல் விடுகிறது, எண்ணெயில் ஏன் பிழைக்கிறது என்று அப்பா கையால் அறிந்திருந்ததெல்லாம் அந்த ஒரு வரியிலிருந்து எனக்குப் பிடிபட்டது. அன்றைக்கு அவரிடம் படித்துக் காட்டினேன். "அட, எழுதியே வச்சிருக்கானா!" என்று சொல்லி, அடுத்ததைப் படிக்கச் சொன்னார். பேரிங் எஃகு வரைக்கும் வந்தோம். கரி 1 சதவீதம், குரோமியம் 1.5 என்றதும் எழுந்து போய் டப்பாவிலிருந்து ஒரு பழைய பேரிங் வளையத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

ஐடிஐ மாணவர்களுக்காக கிண்டியில் இருக்கும் நிமி நிறுவனம் தமிழிலேயே பாடநூல் போடுகிறது. ஃபிட்டர் புத்தகத்தில் அளவைக் கருவி, அரம், வெப்பப் பதம் எல்லாம் எளிமையாக இருக்கும். ஆங்கிலம் வராத பையன்கள் பட்டறையில் இருந்தால் அதை வாங்கிக் கொடுங்கள்.

சேலத்திலிருந்து:

சுருக்கமாக. வெள்ளை முலாம் பூசிய ஜிஐ பைப்பை, வாளியை, வேலிக் கம்பியை உலையில் வைக்காதீர்கள். துத்தநாகப் புகை காய்ச்சல் கொண்டுவரும். எனக்கு ஒரு ராத்திரி முழுக்க நடுக்கம், வாயில் காசு வைத்த மாதிரி ருசி. பளபளக்கும் குரோம் பூச்சு அதைவிட மோசம். மூடிய குழாய், ஷாக் அப்சார்பர், இவற்றை ஓட்டை போட்டு உள்ளே இருப்பதை வெளியேற்றாமல் சூடாக்கவே கூடாது. வெடிக்கும்.

தென்காசிப் பக்கத்திலிருந்து:

நான் பட்டறைக்காரி இல்லை, கொல்லாசாரியின் மகள். எழுதலாமா என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

அப்பா இறந்த வருடம் பட்டறைச் சாமான்களை மொத்தமாக எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் அப்போது வெளியூரில் வேலையில் இருந்தேன். வந்து பார்த்தபோது உலை மேடும், கல் ஊன்றியிருந்த புளியமரக் கட்டையும்தான் இருந்தன. யாரையும் குற்றம் சொல்லவில்லை, வீட்டில் அப்போது பணம் தேவைப்பட்டது. ஆனால் அப்பாவிடம் பதினேழு குறடு இருந்தது. வாங்கியது எதுவும் இல்லை, எல்லாம் அவரே அடித்தது. தட்டை வாய், உருண்டை வாய், கோடரியின் காதைப் பிடிக்க ஒன்று, கலப்பைக் கொழுவுக்கு ஒன்று. சின்னப் பிள்ளையில் அவர் கை நீட்டினால் எது வேண்டும் என்று நான் பார்த்து எடுத்துக் கொடுப்பேன். உலையில் இருக்கிற இரும்பைப் பார்த்தாலே எந்தக் குறடு என்று தெரிந்துவிடும்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்தக் காயலான் கடைக்குப் போனேன். எட்டு மாதம் ஆகியிருந்தது. கடைக்காரப் பெரியவர், "எப்பவோ லோடு ஏத்திட்டோமேம்மா" என்றார். அம்மா கேட்கவில்லை. குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நகர்த்தினார். மதியத்துக்கு மேல் ஒரு குறட்டை எடுத்து, ஆணி அடித்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். அப்பா குறட்டின் ஆணித்தலையைத் தட்டி முடிக்கும்போது மேலே சிலுவைக் குறியாக உளியால் ஒரு வெட்டு வைப்பார். எனக்கே அது மறந்திருந்தது. அம்மாவுக்கு மறக்கவில்லை.

நாலு கிடைத்தன. பெரியவர் காசு வாங்க மாட்டேன் என்றார். நாங்களும் சும்மா வாங்க மாட்டோம் என்று மறுநாள் அதே எடைக்கு வீட்டில் கிடந்த பழைய இரும்பைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மூன்று என்னிடம் இருக்கிறது. கொழுக் குறட்டை மட்டும் எங்கள் தெருவில் புதிதாகப் பட்டறை போட்ட பையனுக்குக் கொடுத்தேன். சும்மா தொங்குவதைவிட உலைக்குள் போய் வரட்டும்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். காயலான் கடையில் கையால் அடித்த குறடோ சுத்தியலோ கிடைத்தால், எந்த ஊரிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

மானாமதுரைப் பக்கத்திலிருந்து:

அம்மா, நீங்கள் எழுதியதை எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பெரியப்பா எழுந்து போய் எங்கள் குறடுகளின் ஆணித்தலையைப் பார்த்தார். எங்களுடையதில் குறி எதுவும் இல்லை. இனிமேல் அடிப்பதில் வைக்கச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் கேட்டதை இரும்புக்கும் செய்யத் தொடங்கிவிட்டேன். பட்டை வாங்கி வந்த அன்றைக்கே எந்த வண்டி, எந்த ஊர்க் கடை, என்ன தேதி என்று வெள்ளை பெயின்ட்டில் எழுதிவிடுகிறேன். ஒரு துண்டை வெட்டி, காந்தம் ஒட்டாத அளவுக்குக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, ஆறியதும் துணியில் சுற்றி அடித்து ஒடித்துப் பார்க்கிறேன். ஒடிந்த முகத்தில் மாவு மாதிரி நைஸாக இருந்தால் பெயின்ட் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு டிக். வளைந்தால் அது தாழ்ப்பாளுக்கு.

நாளைக்குக் காலையில் மதுரையில் ஒரு பஸ் பட்டைக் கட்டு பார்க்கப் போகிறேன். மண்ணெண்ணெய் பாட்டிலும் சாக்பீஸும் பையில் வைத்தாயிற்று. சென்னைத் தம்பி சொன்ன மாதிரி ஒரு பேரிங் குண்டும் போட்டிருக்கிறேன், ஒருவேளை கல் ஏதாவது கண்ணில் பட்டால்.