புதுப்பிப்பு: ஆபரேஷன் வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

ஆபரேஷனுக்குப் பின் வலி உச்சத்துக்குப் போகும்வரை காத்திருக்காமல் நர்ஸிடம் சொல்லுங்கள் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். "தாங்கிக்கிட்டாதான் உடம்பு தேறும்", "மாத்திரை பழக்கமாயிடும்" என்று இரண்டு மறுப்புகள் வந்தன.

முதலாவது தலைகீழ். வயிற்றில் தையல் உள்ளவர் வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சுவிடுவார், இருமலை அடக்குவார். சளி தேங்கி நிமோனியா வரலாம். நடக்காமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம். ஆகவே வலிக்கு 0 முதல் 10 வரை எத்தனை மார்க் என்று நர்ஸ் கேட்டால், படுத்திருக்கும்போது எவ்வளவு, இருமும்போது எவ்வளவு என்று இரண்டும் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் இருமும்போது உள்ள மார்க்தான் முக்கியம். இருமும்போது தையல்மேல் தலையணையை வைத்து அழுத்திப் பிடியுங்கள்.

இரண்டாவது மறுப்புக்கு வருவோம். பாராசிட்டமால் போதைப் பழக்கமாகாது. ஆனால் 50 கிலோவுக்கு மேற்பட்ட பெரியவருக்கும் 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்சம். ஈரல் கோளாறு இருந்தால் இன்னும் குறைவு. டிரிப்பில் ஏற்றியதும் இந்தக் கணக்கில் சேரும். வீட்டிலிருந்து கொண்டுவந்த காய்ச்சல் மாத்திரையும் பெரும்பாலும் இதே மருந்துதான், கோட்டைவிடுவது இங்கேதான். பழக்கமாகக்கூடிய வலுவான வலி மருந்துகளான டிரமடால், மார்ஃபின் வகைகளை டாக்டர் சொன்ன நாட்களுக்கு மட்டும் எடுங்கள். இவற்றால் வரும் மலச்சிக்கலுக்கும் மருந்து கேளுங்கள்.

லேப்ராஸ்கோப்பிக்குப் (சிறு துளைகள் வழியே செய்யும் ஆபரேஷன்) பின் தோள்பட்டை வலிப்பது, வயிற்றை உப்பவைத்த கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசை) உறுத்துவதால். பெரும்பாலும் சில நாளில் அடங்கும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ மூச்சு திணறினாலோ உடனே சொல்லுங்கள்.