செம்பின் மேல் தனி இரும்பு அணு: என் அனுபவம்

ஊசி ஒன்றைப் பரப்புக்கு மிக அருகே நகர்த்தி, இடையிலுள்ள விசையை அளந்து படமெடுக்கும் அணு விசை நுண்ணோக்கியின் திரையில் வரிவரியாக ஒரு வளையம் உருவாகி வந்தது. நடுவில் குழிவு, சுற்றிலும் விளிம்பு. அது ஒரே ஓர் இரும்பு அணு. இயற்பியலாளர் ஃபிரான்ஸ் கீசிபிளின் குழு 2015இல் வெளியிட்ட படங்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனாலும் நான் ஓட்டிய அளவீட்டில் அதே வளையம் வந்தபோது நாற்காலியில் உட்கார முடியவில்லை.

அணு விசை நுண்ணோக்கி என்றதும் பலருக்கு லேசர் பட்டுத் தெறிக்கும் சிலிக்கான் பட்டைதான் ஞாபகம் வரும். எங்களுடையது ஃபிரான்ஸ் கீசிபிள் 1990களில் உருவாக்கிய குவார்ட்ஸ் வகை. கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் இசைக்கவையின் ஒரு கையை அசையாமல் ஒட்டிவிட்டு, மறு கையின் நுனியில் உலோக ஊசியைப் பொருத்துவார்கள். அது ஆடுவது 50 பிக்கோமீட்டர் அளவுக்குத்தான். செம்பில் பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு இடையே 255 பிக்கோமீட்டர் இருக்கிறது. பரப்பு ஊசியை இழுத்தாலும் தள்ளினாலும் ஆட்டத்தின் அதிர்வெண் கொஞ்சம் நகரும். அந்த நகர்வைத்தான் படமாக வரைகிறோம்.

பாதி உழைப்பு ஊசி முனைக்கே போய்விடும். செம்பில் லேசாகக் குத்திக் குத்தி முனையைச் சரிசெய்த பிறகு, பரப்பில் ஒட்டியிருக்கும் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு ஒன்றை அதில் ஏற்ற வேண்டும். பரப்பில் கார்பன் கீழேயும் ஆக்சிஜன் மேலேயுமாக நிற்கும் மூலக்கூறு, ஊசிக்குத் தாவியதும் தலைகீழாகிவிடும். ஏறிவிட்டதா என்று, ஊசிக்கும் பரப்புக்கும் இடையே பாயும் மின்னோட்டத்தை வைத்து எடுக்கும் படமே சொல்லும்: அதுவரை கரும்புள்ளிகளாக இருந்த மற்ற மூலக்கூறுகளின் நடுவில் வெளிச்சம் தெரியும். 2009இல் ஐபிஎம் சூரிக் ஆய்வகம் பென்டசீன் என்ற கரிம மூலக்கூறின் பிணைப்புகளைக் காட்டியதும் இந்த வகை முனையால்தான்.

சரி, வளையம் ஏன்? ஆக்சிஜன் நுனி நெருங்கும்போது இரும்பின் நடுப்பகுதி அதை இழுக்கிறது, விளிம்பு தள்ளுகிறது. செம்பின் மேல் தனியாக நிற்கும் செம்பு அணுவும் வளையம்தான். சிலிக்கான் பரப்பின் அணுவோ உருண்டையாகத் தெரியும். எனவே, 'இதுதான் அணுவின் வடிவம்' என்று இந்தப் படங்களைக் காட்டிச் சொல்வதை நான் ஏற்பதில்லை. நுனி மாறினால் விசை மாறும், படமும் மாறும்.

புதிதாக வருபவர்கள் ஒன்றைக் கட்டாயம் பழக வேண்டும். மூலக்கூறை ஏற்றுவதற்கு முன், பரப்பில் நிற்கும் அதையே ஊசியாகக் கொண்டு உங்கள் உலோக முனையைப் படம் எடுங்கள். நுனியில் இருப்பது ஓர் அணுவா, இரண்டா, மூன்றா என்று தெரிந்துவிடும். மூன்று என்றால் மறுபடி குத்த வேண்டியதுதான்.