வேலை போன 57 வயதில் மருத்துவக் காப்பீட்டுக்கு என்ன வழி?

கேள்வி (மண்டபம்)

மண்டபம் அருகே இறால் பதப்படுத்தும் நிறுவனம் ஒன்றில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தேன். எனக்கு வயது 57. மாதச் சம்பளம் 17,500 ரூபாய், அதில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் தவறாமல் உண்டு. ஜூலையோடு நிறுவனத்தை மூடுவதாகச் சொல்லிவிட்டார்கள். என் மனைவிக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. கடந்த ஆண்டு மதுரை இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பத்து நாள் தங்கி வைத்தியம் பார்த்தோம், கையிலிருந்து பணம் போகவில்லை. இனி அப்படி ஒரு நிலை வந்தால் எதை நம்புவது என்று தெரியாமல் தவிக்கிறேன். இதற்கிடையில், சொந்த விருப்பத்தின் பேரில் விலகுவதாக அச்சடித்த தாளில் எல்லோரிடமும் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

மறுமொழி 1 (தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் இருந்தவர்)

ஐயா, அந்தத் தாளில் கையெழுத்திடாதீர்கள். உங்கள் கேள்வி முழுவதற்கும் விடை அதில்தான் இருக்கிறது. ஆலை மூடப்பட்டதாலோ ஆட்குறைப்பாலோ வேலை இழந்தவர்களுக்கு, இரண்டு ஆண்டுகளாவது பங்களிப்பு (அந்த இ.எஸ்.ஐ. பிடித்தம்தான்) செலுத்தியிருந்தால், இ.எஸ்.ஐ.யின் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா திட்டத்தில் 24 மாதங்கள் வரை உதவித்தொகை உண்டு. முதல் ஆண்டு சம்பளத்தில் பாதி, அடுத்த ஆண்டு கால் பங்கு. அதைப் பெறும் காலம் முழுவதும் உங்களுக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதியும் தொடரும். தானாக விலகியவருக்கு இது கிடையாது. ஆகவே நிறுவனம் மூடப்பட்டது என்று எழுதிய கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

உதவித்தொகை வரும்வரை என்ன செய்வது என்று அஞ்ச வேண்டாம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான அரையாண்டில் 78 நாட்களுக்குக் குறையாமல் பங்களிப்பு இருந்தால், அடுத்த ஆண்டு ஜூன் 30 வரை மருத்துவம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் உங்கள் நிறுவனம் சம்பளம் தராமல் நிறுத்தி வைத்திருந்தால், ஜூலை வரை கூட்டிப் பார்த்தாலும் 78 எட்டாது. அப்படியானால் முந்தைய அக்டோபர்-மார்ச் பங்களிப்பைக் கொண்டு டிசம்பர் 31 வரைதான் வசதி கிடைக்கும். சம்பளச் சீட்டுகளை எடுத்து நாட்களை எண்ணிப் பாருங்கள்.

மறுமொழி 2 (கீழக்கரை)

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கும் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள் அண்ணே. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சம்பளம் வந்த வரை நீங்கள் அந்த வரம்புக்கு வெளியே இருந்தீர்கள், இனி நிலைமை வேறு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையுடனும் ஆதாருடனும் இராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான் பெரும்பாலும் இது பயன்படும்; அன்றாட மாத்திரைக்கு இதை நம்ப முடியாது. அண்ணியின் சர்க்கரை, அழுத்த மாத்திரைகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவிட்டால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். என் தாயாருக்கு அப்படித்தான் கிடைக்கிறது.

மறுமொழி 3 (தொண்டி)

தனியார் பாலிசியையும் அடியோடு தள்ளிவிடாதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்குப் பணம் தராத தொடக்கக் காலம், அதிகபட்சம் 36 மாதங்கள். பணம் கட்ட முடிந்தால், இ.எஸ்.ஐ. வசதி இருக்கும்போதே அந்தக் காலம் ஓடத் தொடங்கட்டும். வசதி முடிந்த பிறகு எடுத்தால், மிகவும் தேவைப்படும் மூன்று ஆண்டுகள் பாதுகாப்பில்லாமல் கழியும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் சுமை சற்றுக் குறைந்திருக்கிறது. சர்க்கரை இருப்பதை மட்டும் படிவத்தில் மறைக்காதீர்கள். முகவரே மறைக்கச் சொன்னாலும் கேட்காதீர்கள். பின்னால் பணம் மறுக்கப்படும்போது அவர் உடன் வரமாட்டார்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. சீட்டுகளை எண்ணிப் பார்த்தேன். தடைக்காலத்தில் எங்களுக்குச் சம்பளம் இல்லை, 59 நாட்கள்தான் வருகின்றன. ஆகவே டிசம்பர் 31 என்றே வைத்துக்கொண்டு அதற்குள் உதவித்தொகை விண்ணப்பத்தை முடித்துவிட வேண்டும். தாளில் நான் கையெழுத்திடவில்லை. ஆனால் உடன் வேலை பார்த்த பெண்களில் நால்வர் நேற்றே போட்டுவிட்டார்களாம். அவர்கள் அதைத் திரும்பப் பெற வழி உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.