தண்ணீர்மலை குடும்பம்: அண்ணனின் ஸ்கேன்

மீனா: அண்ணனுக்கு ஸ்கேன் முடிந்தது. கல்லீரலின் வலது பக்கத்தில் சீழ்க்கட்டி. ரத்தப் பரிசோதனையில் அமீபா கிருமி என்று உறுதியாகிவிட்டது.

சரசு பெரியம்மா: அமீபாவா? அது வயிற்றுப்போக்கு நோய் ஆச்சே. அவனுக்குப் பத்து நாளாகக் காய்ச்சல் மட்டும்தானே மா?

மீனா: அதனால்தான் முதலில் பார்த்த கிளினிக்கில் தசைப்பிடிப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்னும் கோபம் ஆறவில்லை எனக்கு. மலப் பரிசோதனையிலும் ஒன்றும் வரவில்லை. இந்த நோயில் அப்படி நடப்பதுண்டு பெரியம்மா. அமீபா குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் ஏறிவிடும். குடலின் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது, அங்கேயே தங்கிவிடும். அந்த நேரத்தில் பல பேருக்கு வயிற்றுப்போக்கே இருக்காது.

சித்தப்பா: வலது தோள் வலிக்கிறது என்றானே?

மீனா: அதுவும் இதுதான் சித்தப்பா. கல்லீரலுக்கு மேலே இருக்கும் உதரவிதானம் என்ற தசை உறுத்தப்பட்டால் வலி தோளில் தெரியும். பெண்களைவிட ஆண்களுக்குத்தான் இது பல மடங்கு அதிகம் வருகிறது.

அண்ணி: இருமலும் இருக்கிறதே மீனா. நெஞ்சுக்குப் போய்விட்டதா?

மீனா: இல்லை அண்ணி, எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருக்கிறது. கட்டி மேல்பக்கமாக உடைந்தால்தான் நுரையீரலுக்கோ, இதயத்தைச் சுற்றிய பைக்கோ போகும். மூளைக்குப் போவது மிக அபூர்வம். நல்ல வேளையாக அதற்கு முன்பே வந்துவிட்டோம்.

சரசு பெரியம்மா: வயிற்றைக் கிழிப்பார்களா?

மீனா: பெரும்பாலும் மெட்ரோனிடசோல் மருந்தே போதும். கட்டி உடையும்போல இருந்தால் மட்டும் ஊசியால் சீழை எடுப்பார்கள். சில நாளில் காய்ச்சல் விட்டுவிடும். ஆனால் ஸ்கேனில் கட்டி முழுதாக மறைய மாதக்கணக்கு ஆகலாம், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

அண்ணி, ஒன்று மட்டும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த மருந்து முடிந்ததும் குடலில் மிச்சம் இருக்கும் கிருமிக்கு வேறு மருந்து தருவார்கள். உடம்பு தேறிவிட்டது என்று அண்ணன் அதை விட்டால் மறுபடி வரும். மருந்து முடியும்வரை பீரும் கூடாது.

அண்ணி: சரி, என் கையாலேயே கொடுக்கிறேன். வீட்டுத் தண்ணீரில் வந்ததா?

மீனா: எங்கே பிடித்தது என்று சொல்வது கஷ்டம், மாதக்கணக்கில் முன்பாகவும் இருக்கலாம். கூட்டுக்குள் இருக்கும் அமீபா குழாய்த் தண்ணீரில் போடும் குளோரினுக்குச் சாகாது, கொதிக்க வைத்தால் சாகும். பிள்ளைகளுக்கும் மலப் பரிசோதனை எடுக்கச் சொன்னார் டாக்டர்.

சரசு பெரியம்மா: காலை முதல் ஃபெரியில் பட்டர்வொர்த்திலிருந்து வருகிறேன். பிள்ளைகளை நான் அழைத்துப் போகிறேன். நீ அவனோடு இரு மா.